பகுதிநேர முதுநிலைச் செவிலியக் கல்வி

பகுதிநேர முதுநிலைச் செவிலியக் கல்வி என்பது, பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் வேலையை விடாமல், சில ஆண்டுகள் படித்துச் செவிலியத்தில் முதுநிலைப் பட்டம் பெறும் ஏற்பாடாகும். பாடத்தின் ஒரு பகுதியை இணையவழியாகவும் மறுபகுதியை வகுப்பறையிலோ மருத்துவமனையிலோ நேரடியாகவும் நடத்தும் முறைக்குக் கலப்புக் கற்றல் என்று பெயர். பிரித்தானியா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இவ்வகைப் படிப்புகள் பரவலாக உள்ளன. இந்தியாவில் எம்.எஸ்சி. நர்சிங் முழுநேர, நேரடிப் படிப்பாக மட்டுமே அங்கீகாரம் பெறுகிறது.

இந்த ஒரு வேறுபாடு பல செவிலியர்களின் பணத்தையும் காலத்தையும் தீர்மானிக்கிறது. "வேலையை விட வேண்டாம், ஞாயிறு வகுப்பு போதும்" என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டியவர், படிப்பை முடித்த பிறகுதான் அந்தச் சான்றிதழ் பதிவுக்கு உதவாது என்று அறிகிறார். எது செல்லும், எது செல்லாது, அதற்கு என்ன காரணம், வேலையில் இருப்பவருக்கு உண்மையில் உள்ள வழிகள் எவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நான்கு சொற்கள்

பகுதிநேரம், தொலைநிலை, இணையவழி, கலப்பு ஆகிய நான்கு சொற்களும் அன்றாடப் பேச்சில் ஒன்றாகவே புழங்குகின்றன. இவற்றின் பொருள் வேறு வேறு.

பகுதிநேரம் என்பது கால அளவைக் குறிக்கும். முழுநேர மாணவர் இரண்டு ஆண்டில் முடிப்பதைப் பகுதிநேர மாணவர் நான்கைந்து ஆண்டில் முடிப்பார். இருவரும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்தே படிக்கலாம். தொலைநிலை என்பது அச்சிட்ட பாடநூல், ஒப்படைப்பு, எப்போதாவது நடக்கும் தொடர்பு வகுப்பு ஆகியவற்றால் அமைவது. நம் ஊரில் அஞ்சல்வழிக் கல்வி என்று அறியப்பட்டது இதுதான். இணையவழிப் படிப்பில் பாடம், ஒப்படைப்பு, பல நேரங்களில் தேர்வு என அனைத்தும் கணினி வழியே நடக்கும். கலப்பு முறையில் எந்தப் பகுதியை எங்கே கற்பது என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். கொள்கை, ஆய்வுமுறை, புள்ளியியல் ஆகியவை இணையத்தில் வரும். கைத்திறனும் நோயாளி பராமரிப்பும் நேரில் வரும்.

யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் இணையதளத்தின் வழியாகக் கற்க 2021இல் இடமளித்தது. இதைக் காட்டி, நர்சிங் படிப்பையும் இணையத்தில் முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. கலை, அறிவியல் பாடங்களுக்குப் பொருந்தும் சலுகை, தனிச் சட்டத்தால் ஆளப்படும் தொழிற்கல்விக்குத் தானாக வந்துவிடாது.

வடசென்னையும் செவிலியர் தேவையும்

இந்தக் கேள்வி எவ்வளவு நடைமுறை சார்ந்தது என்பதற்கு இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதி நல்ல எடுத்துக்காட்டு. பழைய சிறைச்சாலை சாலையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனை, 1780களில் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் வழியே வளர்ந்தது. பழைய மக்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். அங்கிருந்த மருத்துவப் பள்ளி, சென்னை ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரை 1933இல் பெற்று, 1938இல் கல்லூரியானது. இராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன. இவற்றைச் சுற்றிலும் சிறிய தனியார் மருத்துவமனைகள் பல உண்டு.

துறைமுகம், மீன்பிடித் துறைமுகம், அனல் மின் நிலையங்கள், மணலி சுத்திகரிப்பு ஆலை, உர ஆலைகள், வாகனத் தொழிற்சாலைகள் எனத் தொழில் மிகுந்த பகுதி இது. இங்குள்ள நோய்களும் காயங்களும் இந்தத் தொழில்களின் சாயலிலேயே வருகின்றன. இயந்திரத்தில் சிக்கிய விரல்கள், தீக்காயம், மூச்சுக்குழல் நோய், தொடர்ந்த இரைச்சலால் காது மந்தம் ஆகியவை இங்கே புதியவை அல்ல. ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவை சிகிச்சைத் துறை நாடறிந்த துறையாக வளர்ந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத்திணறலுடன் பலர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அப்படிப்பட்ட இரவில் நோயாளியை முதலில் பார்ப்பவர் செவிலியர்.

500 தொழிலாளருக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலையில் மருத்துவ, செவிலியப் பணியாளரின் பொறுப்பில் ஒரு முதலுதவி அறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. ஆகவே இப்பகுதியில் மருத்துவமனை வார்டுகளோடு ஆலைகளுக்குள்ளும் செவிலியர்கள் வேலை செய்கிறார்கள். சமூகநலச் செவிலியத்திலோ தீவிர சிகிச்சையிலோ முதுநிலைப் படிப்பு பெற்றவர்கள் இங்கே அதிகமானால் பயன் நேரே மக்களைச் சேரும்.

படிக்க வேண்டியவர்களின் நிலை எளிதானதன்று. காலை, மாலை, இரவு என மாறி மாறி வரும் டூட்டி, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, வீட்டில் பிள்ளைகள், பல குடும்பங்களில் மாதந்தோறும் அடைக்க வேண்டிய கடன் ஆகியவற்றுக்கு நடுவே, இரண்டு ஆண்டு சம்பளத்தை இழந்து முழுநேரம் படிக்கப் பலராலும் முடிவதில்லை. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ ரயில் பாதை 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பிறகு திருவொற்றியூரிலிருந்து சென்ட்ரலுக்குப் போவது எளிதாகிவிட்டது. வேலையில் இருப்பவருக்குப் படிப்பின் தடை இப்போது தூரத்தைவிட நேரத்திலும் பணத்திலும்தான் இருக்கிறது. அதனால்தான் "வேலை பார்த்துக்கொண்டே முதுநிலைப் பட்டம்" என்ற சொல் இவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறது.

வரலாற்றுச் சுருக்கம்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவமனையில் 1909இல் டீலியா ஹூட்டன் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். செவிலியர், தாதியர் பதிவுக்கான சென்னை மாகாணச் சட்டம் 1926இல் வந்தது. இன்றைய தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமம் இச்சட்டத்தின் வழியே வந்ததாகும். 1946இல் டெல்லியிலும் வேலூரிலும் பட்டப் படிப்பு தொடங்கியது. நாடு முழுமைக்கும் ஒரே தரம் வேண்டும் என்று 1947இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் இயற்றப்பட்டது. டெல்லி இராஜகுமாரி அம்ரித் கவுர் செவிலியர் கல்லூரியில் 1959இல் முதுநிலைப் படிப்பு தொடங்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இன்று எம்.எஸ்சி. நர்சிங் பட்டத்தைப் பெரும்பாலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இப்பல்கலைக்கழகம் 1988 முதல் இயங்கி வருகிறது. வடசென்னைக்கு மிக அருகில் உள்ள அரசு நிறுவனம், சென்னை மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரியாகும். 2023இல் தேசிய செவிலியம் மற்றும் தாதிமை ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட சட்டம் இது.

எம்.எஸ்சி. நர்சிங் படிப்பின் அமைப்பு

பி.எஸ்சி. நர்சிங் அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் பட்டம், குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண், ஓராண்டு பணி அனுபவம், செவிலியராகப் பதிவு ஆகியவை சேர்க்கைக்கான பொதுத் தகுதிகள். டிப்ளமோ முடித்தவர் நேரடியாக எம்.எஸ்சி.யில் சேர இயலாது. முதலில் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பட்டத்தை முடிக்க வேண்டும்.

மருத்துவ அறுவைச் செவிலியம், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமூகநலம் ஆகிய ஐந்தும் முக்கியச் சிறப்புப் பிரிவுகள். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்திய நர்சிங் கவுன்சில் நெடுங்காலம் நடைமுறையில் வைத்திருந்த பாடத்திட்டத்தின் மணிக்கணக்கைப் பார்த்தால் இப்படிப்பின் தன்மை புலப்படும். முதலாண்டில் செவிலியக் கல்வியியல், உயர்நிலைச் செவிலியம், ஆய்வுமுறையும் புள்ளியியலும், சிறப்புப் பிரிவு ஆகிய நான்கு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 150 மணி நேரம் எழுத்துப் பாடம் என மொத்தம் 600 மணி. செய்முறை 1,100 மணி. அதில் சிறப்புப் பிரிவுக்கு மட்டும் 650 மணி. இரண்டாம் ஆண்டில் எழுத்துப் பாடம் 300 மணி, செய்முறை 1,400 மணி. இந்த 1,400இல் ஆய்வேட்டுக்கு 300 மணியும் சிறப்புப் பிரிவின் மருத்துவமனைப் பணிக்கு 950 மணியும் அடங்கும்.

இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து எழுத்துப் பாடம் 900 மணி, செய்முறை 2,500 மணி, ஆக மொத்தம் 3,400 மணி. எழுத்துப் பாடம் மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. தேர்வெழுத எழுத்துப் பாடத்திலும் செய்முறையிலும் தனித்தனியே 80 விழுக்காடு வருகை வேண்டும். பட்டம் பெறுவதற்குள் செய்முறை முழுவதையும் முடித்தாக வேண்டும்.

வாரத்தில் ஆறு நாள் டூட்டி பார்க்கும் ஒருவர், தூக்கத்தையும் வீட்டு வேலையையும் சமாளித்து வாரத்துக்கு 12 மணி நேரம் படிப்புக்கு ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 900 மணி எழுத்துப் பாடத்தை அவர் 75 வாரத்தில், அதாவது சுமார் ஒன்றரை ஆண்டில் முடித்துவிடலாம். 2,500 மணி செய்முறைக்கு 208 வாரம் வேண்டும். அது நான்கு ஆண்டு. ஆக, ஒரு வாரம்கூட விடாமல் படித்தாலும் ஐந்தரை ஆண்டு ஆகும். ஞாயிறு மட்டும் வகுப்பு, இரண்டே ஆண்டில் பட்டம் என்று சொல்லப்படும் எதையும் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அந்தச் செய்முறை மணிகள் எங்கே போயின என்ற கேள்வி தானே எழும்.

தொலைநிலைக்குத் தடை

யு.ஜி.சி.யின் 2020ஆம் ஆண்டுத் திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிக் கல்வி விதிமுறைகள், இவ்வழிகளில் நடத்தக் கூடாத துறைகளைப் பட்டியலிடுகின்றன. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், பொறியியல், சட்டம் ஆகியவற்றோடு செவிலியமும் அப்பட்டியலில் உள்ளது. எனவே ஒரு பல்கலைக்கழகம் உண்மையானதாக, யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றதாக இருந்தாலும், அது தொலைநிலையில் தரும் நர்சிங் பட்டம் செல்லாது. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் வேறு, அது நடத்தும் குறிப்பிட்ட படிப்பின் அங்கீகாரம் வேறு.

செவிலியப் பட்டத்துக்கு மூன்று சம்மதங்கள் தேவை. பல்கலைக்கழகம் பட்டம் தர வேண்டும், செவிலியக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய அமைப்பு அந்தப் படிப்பை ஏற்க வேண்டும், மாநிலக் குழுமம் அதைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும், செவிலியர் கல்லூரி ஆசிரியர் பணி, பதவி உயர்வு ஆகியவற்றுக்கு அப்பட்டம் உதவாது. பட்டச் சான்றிதழ் வீட்டுச் சுவரில் தொங்கும், பணிப் பதிவேட்டில் ஏறாது.

தடையின் காரணம் எளிது. சிரை ஊசி ஏற்றுவதையும், செயற்கைச் சுவாசக் கருவியில் உள்ள நோயாளியைக் கண்காணிப்பதையும் காணொளியில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், கைவரப் பெற முடியாது. தவறு நேர்ந்தால் இழப்பு நோயாளிக்கு. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது செவிலியர் கல்லூரிகள் எழுத்துப் பாடங்களை இணையத்தில் நடத்தின. பாடம் ஓரளவு நடந்தது. வார்டுப் பயிற்சிக்கு ஈடாக எதையும் திரையில் தர முடியவில்லை. கலப்பு முறை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அந்தக் காலம் எல்லோருக்கும் காட்டியது.

முன்னோடி முயற்சிகள்

தொலைநிலையில் செவிலியம் கற்பிக்கவே முடியாது என்று சொல்லிவிடவும் இயலாது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, டிப்ளமோ முடித்துப் பணியில் இருந்த செவிலியர்களுக்காக 1994இல் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படிப்பைத் தொடங்கியது. மூன்று ஆண்டுப் படிப்பு. பாடநூல் அச்சில் வரும். ஒப்படைப்பு எழுத வேண்டும். செவிலியர் கல்லூரிகளில் அமைந்த கல்வி மையங்களில் தொடர்பு வகுப்பும் கட்டாயச் செய்முறையும் நடக்கும். கலப்புக் கற்றல் என்ற சொல் பரவுமுன்பே அதன் உள்ளடக்கம் இதில் இருந்தது. இந்திய நர்சிங் கவுன்சிலின் ஏற்பையும் இது பெற்றிருந்தது. ஆனால் இது இளநிலைப் பட்டம் மட்டுமே. இதே போன்ற முதுநிலைப் பட்டம் உருவாகவில்லை.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் பணியில் உள்ள செவிலியர்களுக்கான பட்டப் படிப்பைக் கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் தொடங்கியது. முழுநேரக் கல்லூரிக்குச் செல்ல இயலாத அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் பட்டதாரிகளாக அது வழி திறந்தது.

முனைவர் பட்ட அளவில் இந்தியாவிலும் ஒரு கலப்பு முயற்சி நடந்தது. இந்திய நர்சிங் கவுன்சிலும் கர்நாடகத்தின் இராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமும் இணைந்து, செவிலிய முனைவர் படிப்புக்கான தேசியக் கூட்டமைப்பை 2005-06இல் தொடங்கின. பல ஊர்களில் உள்ள கல்வி மையங்களைக் காணொளி வகுப்புகள் இணைத்தன. ஆய்வுப் படிப்பில் இது இயன்றது. ஆய்வின் பெரும்பகுதி படிப்பதும் தரவு சேர்ப்பதும் எழுதுவதும்தானே!

வெளிநாடுகளில் பகுதிநேர முறை

பிரித்தானியாவில் முதுநிலைப் பட்டம் 180 மதிப்பலகுகள் கொண்டது. ஒரு மதிப்பலகுக்கு ஏறத்தாழ 10 மணி நேரக் கற்றல் என்று கணக்கு. எனவே மொத்தம் 1,800 மணி. 60 மதிப்பலகு முடித்தால் முதுநிலைச் சான்றிதழ், 120 முடித்தால் முதுநிலைப் பட்டயம், ஆய்வேட்டோடு 180 முடித்தால் பட்டம். நடுவில் குடும்பச் சூழலால் நிறுத்த நேர்ந்தாலும் அதுவரை படித்தது வீணாகாது. நாம் முன்பு போட்ட கணக்கின்படி வாரத்துக்கு 12 மணி நேரம் ஒதுக்கினால் 1,800 மணி நேரத்துக்கு 150 வாரம், அதாவது சுமார் மூன்று ஆண்டு. பகுதிநேரப் படிப்பு அங்கே இயல்பாகப் பொருந்துவதன் இரகசியம் இதில்தான் உள்ளது.

மணிக்கணக்கு குறைவாக இருப்பதால் தரம் குறைவு என்று கொள்ள வேண்டியதில்லை. இவ்வகைப் படிப்புகள் பலவற்றில் மாணவர் ஏற்கெனவே பதிவு பெற்று, வார்டில் அன்றாடம் வேலை செய்பவர். அவருடைய வார்டே அவருக்கு ஆய்வுக்கூடம். இணையத்தில் படித்த கொள்கையை மறுநாள் டூட்டியில் சோதித்துப் பார்த்து, அதைப் பற்றி எழுதித் தருகிறார். புதிய மருத்துவச் செயல்திறனைக் கற்பிக்கும் படிப்பாக இருந்தால் மட்டும், மேற்பார்வையிடப்பட்ட மருத்துவமனை மணிகள் தனியே சேர்க்கப்படும்.

தமிழ்நாட்டிலிருந்து அந்நாடுகளுக்குச் சென்று பணியாற்றும் செவிலியர்களுக்கு இது நல்ல வழி. இங்கிருந்தபடியே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இணையவழியில் படிப்பவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தகுதி வழங்கும் யு.ஜி.சி.யின் 2025ஆம் ஆண்டு விதிமுறைகள், மருத்துவம், செவிலியம், சட்டம் போன்ற தொழிற்கல்விகளுக்குப் பொருந்தாது. அந்த முடிவு அந்தந்தத் தொழிற்குழுமத்தின் கையில் உள்ளது. வெளிநாட்டில் வேலை தேடுபவருக்கு அப்பட்டம் உதவலாம். இங்கே செவிலியர் கல்லூரியில் ஆசிரியராக அதை மட்டும் நம்ப முடியாது.

வேலையில் இருப்பவருக்கு உள்ள வழிகள்

அரசுப் பணியில் இருப்பவர் துறையின் அனுமதியோடும் தடையின்மைச் சான்றோடும் முழுநேர எம்.எஸ்சி.யில் சேர்வது முதல் வழி. விடுப்பு, ஊதியம், படித்த பின் எத்தனை ஆண்டு பணியாற்ற வேண்டும் என்ற உறுதிப்பத்திரம் ஆகியவற்றை விண்ணப்பிக்கும் முன்பே அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, தீவிர சிகிச்சைச் செவிலிய வல்லுநர் படிப்பு. நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர் என்று பேசப்படும் இது, இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு. மாணவர் மருத்துவமனையின் ஐ.சி.யூ.விலேயே முழுநேரம் பணியாற்றிக்கொண்டு கற்கிறார். எழுத்துப் பாடம் குறைவு, படுக்கையருகே கற்பது மிகுதி. வேலையும் படிப்பும் ஒன்றாக இணைவதில் இந்தியாவில் பகுதிநேரக் கனவுக்கு மிக நெருங்கி நிற்பது இதுதான். இது பகுதிநேரப் படிப்பன்று. நடத்த ஒப்புதல் பெற்ற மருத்துவமனைகளில் மட்டுமே படிக்க முடியும்.

மூன்றாவது, ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ. தீவிர சிகிச்சை, அவசர சிகிச்சையும் பேரிடரும், புற்றுநோய், பச்சிளங் குழந்தை, அறுவை அரங்கு எனப் பல பிரிவுகள் உண்டு. முதுநிலைப் பட்டத்துக்கு ஈடாகாது. ஆனால் இரண்டாண்டுச் சம்பளத்தை இழக்க முடியாதவருக்கு ஓராண்டில் ஒரு சிறப்புத் தகுதி கிடைக்கும். தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் அவசர சிகிச்சை, பேரிடர்ப் பிரிவுக்கு வேலை மதிப்பு உண்டு.

நான்காவது, உண்மையான கலப்பு முறையில் அமைந்த குறுகிய படிப்புகள். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் நலவாழ்வு மையங்களில் பணியாற்றும் செவிலியர்களுக்காக இக்னோ நடத்திய ஆறு மாதச் சமூகநலச் சான்றிதழ்ப் படிப்பு இதற்கு எடுத்துக்காட்டு. ஸ்வயம், என்.பி.டி.இ.எல். தளங்களில் ஆய்வுமுறை, புள்ளியியல் தொடர்பான பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் கட்டணம் செலுத்தி நேரில் தேர்வெழுத வேண்டும். எம்.எஸ்சி.யில் பலரும் தடுமாறும் பாடங்கள் இவையே. சேருவதற்கு ஓராண்டு முன்பே இவற்றைப் படித்து வைத்தால் பிறகு சுமை குறையும். பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுக்கு 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ளது. எந்த இணையவழிப் பயிற்சி அந்தக் கணக்கில் ஏறும் என்பதை மாநிலக் குழுமத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, செவிலியம் அல்லாத முதுநிலைப் பட்டம். மருத்துவமனை நிர்வாகம், சமூகவியல் போன்றவற்றைத் தொலைநிலையில் படிப்போர் உண்டு. நிர்வாகப் பணிக்கு இவை பயன்படும். செவிலிய ஆசிரியர் பணிக்குப் பயன்படா. உளவியல், உணவூட்டவியல் போன்ற நலத்துறைப் பாடங்களைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்துவதற்கு 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யு.ஜி.சி. தடை விதித்துள்ளதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. இந்தப் படிப்பை, இந்தக் கல்லூரியில், இந்தக் கல்வியாண்டில் நடத்தத் தேசிய அமைப்பின் அனுமதி உள்ளதா? அனுமதி ஆண்டுதோறும் மாறக்கூடியது. பழைய கடிதத்தைக் காட்டினால் போதாது.

2. எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது? அதன் இணைவுக் கல்லூரிகளின் பட்டியலில் இக்கல்லூரி உள்ளதா?

3. முடித்த பிறகு தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமம் இதைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யுமா? இதைக் குழுமத்திடமே நேரில் அல்லது எழுத்து மூலம் கேட்க வேண்டும். முகவர் சொல்லும் பதிலை ஏற்க வேண்டாம்.

4. செய்முறை எந்த மருத்துவமனையில், எத்தனை மணி, யார் மேற்பார்வையில்? இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் சேர வேண்டாம்.

5. வருகைப் பதிவை "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்களா? முழுநேரக் கல்லூரியில் பெயரைச் சேர்த்து, வேலைக்கும் போய்க்கொண்டு, வருகையைப் பொய்யாக நிரப்பும் வழி இது. அதே காலத்துக்குப் பணி அனுபவச் சான்றும் கல்லூரி வருகையும் இருந்தால், பின்னாளில் சான்றிதழ் சரிபார்ப்பில் இரண்டும் கேள்விக்கு உள்ளாகும்.

6. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்கிறதா? இடையில் விலகினால் கட்டணமும் சான்றிதழும் எப்படித் திரும்பும் என்பதை எழுத்தில் பெற வேண்டும்.

விவாதம்

இன்றைய விதி நோயாளியைக் காக்கிறது. அதே விதி, வீட்டின் வருமானத்தைத் தாங்கும் செவிலியரை முதுநிலைக் கல்வியிலிருந்து விலக்கியும் வைக்கிறது. இரண்டும் உண்மை. விதியைத் தளர்த்தினால் பட்டம் விற்கும் கடைகள் பெருகும் என்ற அச்சம் நியாயமானது. தளர்த்தாவிட்டால், பத்து ஆண்டு ஐ.சி.யூ. அனுபவம் உள்ள ஒருவர் வார்டிலேயே நிற்க, ஓராண்டு அனுபவத்தோடு முழுநேரம் படிக்க வசதி உள்ள ஒருவர் அவருக்கு முன்னே செல்லும் நிலை தொடரும்.

ஆசிரியர் கல்வியில் இதற்கு ஒரு நடுவழி கண்டிருக்கிறார்கள். தொலைநிலை பி.எட். படிப்பு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பயிற்சி பெற்றுப் பணியில் உள்ள ஆசிரியருக்கும், நேரடி முறையில் ஆசிரியர் பயிற்சியை முடித்தவருக்கும் மட்டுமே அதில் இடம். கற்பித்தல் பயிற்சியும் நேரடிப் பயிலரங்குகளும் கட்டாயம். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர் என்பதே அங்கே அடிப்படைத் தகுதி. செவிலியத்திலும் அதே போல, பணியில் உள்ளவருக்கு மட்டும், 900 மணி எழுத்துப் பாடத்தை இணையத்தில் தந்து, 2,500 மணி செய்முறையை ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைகளில் நான்கைந்து ஆண்டுக்குப் பரப்பி, தகுதி வாய்ந்த மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு கணக்கிட முடியும். மணிக்கணக்கில் ஒன்றைக்கூடக் குறைக்க வேண்டியதில்லை. அதற்குத் தேவை மேற்பார்வையிடும் ஆசிரியர்கள், டூட்டிப் பட்டியலில் படிப்புக்கான இடம், போலியைப் பிடிக்கும் கண்காணிப்பு ஆகிய மூன்றுமே.

அப்படி ஒரு விதி எழுதப்படும்வரை, பகுதிநேர எம்.எஸ்சி. நர்சிங் என்று இந்தியாவில் யார் விற்றாலும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை ஒரு போஸ்ட் பேசிக் டிப்ளமோவுக்கோ, முழுநேரம் படிக்கப்போகும் இரண்டு ஆண்டின் வீட்டுச் செலவுக்கோ சேர்த்து வைப்பது நல்லது.